ஜன்ம நட்சத்திரத்தைக் கண்ணால் காணும் இரவு

கோயில் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது நட்சத்திரம் இன்னதென்று தயக்கமின்றிச் சொல்கிற நாம், பிள்ளை பிறந்த நாழிகையைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு அதன் நட்சத்திரத்தையும் பாதத்தையும் ஜோதிடரிடம் எழுதி வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிற நாம், அந்த நட்சத்திரம் ஆகாயத்தில் எந்தத் திசையில், எந்த மாதத்தில், இரவின் எந்த ஜாமத்தில் உதிக்கிறது என்பதை நிமிர்ந்து பார்த்து அறிந்திருக்கிறோமா என்று யாரேனும் கேட்டால், நம்மில் மிகப் பெரும்பாலோர் இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கும். இந்தப் பிரிவு அவ்வளவு பழமையானதன்று. திண்ணையிலும் களத்துமேட்டிலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்துப் படுத்த தலைமுறைக்கு, சங்கப் புலவர்கள் அறுமீன் என்று குறித்த கார்த்திகைக் கூட்டமும், தெற்கே தாழ்ந்து ஒளிரும் அகத்தியமும், வைகறையில் எழும் வெள்ளியும் முகம் தெரிந்த அயலாராகவே இருந்தன. பஞ்சாங்கம் என்பது அந்தக் காட்சிக்கு எழுதிய கணக்கு. கணக்கேடு நம் கையில் தங்கிவிட்டது, காட்சிதான் கைவிட்டுப் போயிற்று.

அந்தக் காட்சியை மீண்டும் ஜனங்களுக்குக் காட்டுவதையே தங்கள் காரியமாக வைத்துக்கொண்ட சிலர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், தறிப்பட்டறைக்காரர் ஒருவர், இல்லத்தரசிகள் சிலர் என்று பலவகைப்பட்டவர்கள் கூடிய வானியல் கழகம் ஒன்று, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில், சொந்தச் செலவில் வாங்கிய தொலைநோக்கிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, விரும்பி வருகிறவர்களையும் அழைத்துக்கொண்டு காவலூருக்குப் போய் வருகிறது. மாசி மாதத்துத் தேய்பிறைச் சனிக்கிழமையொன்றில் அவர்களோடு சேர்ந்து நானும் சென்றிருந்தேன்.

திருப்பத்தூர் மாவட்டத்தில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் ஏறுகிற சாலையில் இருக்கும் சிற்றூர் காவலூர். சாமை விளையும் சரிவுகளையும் புளிய மரங்களையும் கடந்து சென்றால், கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரத்துக்குப் பேர்போன வனத்தின் நடுவே, வெள்ளைக் கோபுரங்களாகக் கவிந்து நிற்கின்றன வைணு பாப்பு வானாய்வகத்தின் கவிமாடங்கள். பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தமான இந்த ஸ்தாபனம், உலகத்து விஞ்ஞானிகளுக்குத் தெரிந்த அளவுக்கு, ஐம்பது மைல் தொலைவில் வாழும் தமிழருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

இதை இங்கே கொண்டுவந்து நிறுத்திய மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1927-இல் சென்னையில் பிறந்து, ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளராகப் பணி செய்த தந்தையின் அருகிருந்து சிறு வயதிலேயே வானத்தைப் பார்க்கக் கற்று, ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணவராயிருந்தபோதே 1949-இல் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டு, அதற்குத் தம் பெயரும் சேர்ந்து வழங்கும் பெருமையைப் பெற்று, பின்பு 1957-இல் ஆலின் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியுடன் கூடி, ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையிலுள்ள கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டே அந்த நட்சத்திரத்தின் மெய்யான பிரகாசத்தை மதிப்பிடலாம் என்று நிறுவியவர் வைணு பாப்பு. வெளிநாட்டிலேயே இருந்திருந்தால் எல்லாச் சௌகரியங்களும் அவருக்குக் கிடைத்திருக்கும். அவரோ தாயகம் திரும்பி, 1960-இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். சூரியனை ஆராய்வதற்குக் கோடைக்கானல் உகந்த இடம். இரவு வானத்துக்கோ அங்கே மேகமும் மூடுபனியும் பெரும் இடையூறு. ஆகவே இரவுக்கென்று வேறோர் இடம் வேண்டுமென்று தென்னாட்டு மலைகளைத் தேடி ஆராய்ந்து, கடைசியில் ஜவ்வாது மலையின் இந்த மடிப்பைத் தேர்ந்தெடுத்தார். வறண்ட மாதங்களில் தெளிந்த வானம், சுற்றிலும் பெரிய ஊர்கள் இல்லாத இருள், பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டரை பாகையே வடக்கே இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணும் வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் இது.

நிறுவனத்தின் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1960-களின் இறுதியில் இங்கே வேலை தொடங்கிற்று. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தாரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த ஆண்டிலேயே, வியாழனின் பெரிய துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்த க்ஷணத்தை அதில் அளந்து, கானிமீடைச் சுற்றி மெல்லிய வாயு மண்டலம் இருப்பதற்கான அறிகுறியைக் கண்டார்கள். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. அதற்கு முன்னரே அந்த நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் மங்கி மீண்டதை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்துகொண்டது அந்த ஒரே இரவில் பல இடங்களிலிருந்து செய்த அவதானிப்புகளால்தான்; அவற்றில் ஒன்று நம் ஜவ்வாது மலையில் நடந்தது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர் சூட்டினார்கள்.

மாலையில் எங்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டிய பெரிய தொலைநோக்கி, 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்டது. வடிவமைப்பிலிருந்து ஆடியைத் தேய்த்து மெருகிட்டது வரை நம் நாட்டிலேயே செய்தார்கள். கனத்த இரும்பு வேலைகளை மராட்டியத்து வால்சந்த்நகர் ஆலையில் முடித்தார்கள். படியேறிக் கவிமாடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது குழாயன்று. அதைத் தாங்கி நிற்கும் குதிரை லாட வடிவமான பிரம்மாண்டமான வளைவுதான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலச் சுழல நட்சத்திரங்கள் நகர்ந்து போகின்றனவல்லவா, அந்த நகர்ச்சிக்கு ஈடுகொடுத்து இத்தனை டன் இரும்பும் கண்ணாடியும் சிறு அதிர்வுமின்றித் திரும்ப வேண்டும்; அதற்காக லாடத்தின் பளபளப்பான விளிம்பு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழலும்படி அமைத்திருக்கிறார்கள். ஆடியின்மேல் பூசிய அலுமினியப் பூச்சு நாளடைவில் மங்கும். மங்கினால் ஆடியைக் கழற்றிக் கீழே இறக்கி, பழைய பூச்சைக் கழுவியெடுத்து, அங்கேயே உள்ள வெற்றிடக் கலத்துக்குள் வைத்துப் புதிதாய்ப் பூசுவார்கள். தூசி தும்புக்கு இடமில்லாத அந்த வேலையைப் பற்றி ஊழியர் ஒருவர் விவரித்தபோது, அவருடைய குரலில் இருந்த பக்தியை நான் மிக அபூர்வமாகவே கேட்டிருக்கிறேன். 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி இந்தத் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அதன் வழியாக ஒரு நட்சத்திரத்தையும் பார்க்கவில்லை. சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவராக இருந்த காலத்திலேயே, 1982 ஆகஸ்டில், மியூனிக் நகரத்தில் அவர் காலமாகிவிட்டார்.

இந்தப் பெரிய கருவி ஆராய்ச்சியாளர்களுக்குரியது. வருகிறவர்களுக்கெல்லாம் அதில் வானத்தைக் காட்டுவது சாத்தியமன்று. பொதுமக்களுக்கென்று ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்து, சனிக்கிழமைகளில் வானம் தெளிந்திருந்தால் காட்டுகிற வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதில் வரிசையாக நின்று பார்த்துவிட்டு, நாங்கள் வளாகத்துக்கு வெளியே, சற்றுத் தள்ளியிருந்த மலைக்கிராமத்தின் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கழகத்தாரின் சொந்தக் கருவிகளை அங்கேதான் நிறுத்துவார்கள்.

வேனிலிருந்து இறங்கியதும் முதற்காரியமாக எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டினார்கள். விளக்குகளுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினார்கள். இது வெறும் சடங்கன்று. இருளில் கண்ணின் பாவை சில விநாடிகளுக்குள் ஏழு மில்லிமீட்டர் வரை விரிந்துவிடும். ஆனால் மங்கிய ஒளியை உணர்வதற்கென்று விழித்திரையில் அமைந்த கோல் அணுக்களில் ரொடாப்ஸின் என்ற நிறமி மீண்டும் ஊறி நிரம்ப இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். அரை மணி நேரம் பொறுத்திருந்து சேர்த்த அந்தச் செல்வத்தை ஒரு கைப்பேசியின் வெள்ளை வெளிச்சம் ஒரே நொடியில் அழித்துவிடும். சிவப்பு ஒளி அவ்வளவு கெடுப்பதில்லை. அந்த அரை மணி நேரத்தை வானத்தைப் பற்றிய பேச்சில் கழிக்க வைத்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கழகத்தில் சிறியவர் பெரியவர் எல்லோரும் அவரை வாத்தியார் என்றே அழைக்கிறார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே, முதலில் பத்தும் இருபதுமாகத் தெரிந்த நட்சத்திரங்கள் எண்ணத் தொலையாதனவாகிவிட்டன. வானம் மாறவில்லை, எங்கள் கண்களே மாறின.

அவர்களுடைய தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை டாப்சன் முறையில் அமைந்தவை. இந்த ஜான் டாப்சன் என்பவருடைய சரித்திரத்தைத் தமிழர் அறிந்துகொள்ள வேண்டும். 1915-இல் பீக்கிங் நகரத்தில் பிறந்த அமெரிக்கர். கலிபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக 23 ஆண்டுகள் வாழ்ந்தவர். பிரபஞ்சத்தை மக்கள் நேரில் பார்க்க வேண்டும் என்ற தாகத்தால், கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியை வாங்கித் தேய்த்து ஆடியாக்கி, கெட்டி அட்டைக் குழாயிலும் சாதாரண மரப்பலகையிலும் யாரும் செய்துகொள்ளக்கூடிய தொலைநோக்கியை அமைத்தார். மடத்தை விட்டு 1967-இல் வெளியேறியபின், ஸான் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் அதை நிறுத்திப் போவோர் வருவோரையெல்லாம் அழைத்துக் காட்டுவதையே வாழ்க்கையாகக் கொண்டார். தாம் கண்ட முறைக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. அதனால்தான் இன்று சேலத்திலும் மதுரையிலும் ஒரு பள்ளி மாணவன் இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் இட்டுத் தேய்த்து, மேல் வட்டில் குழி விழுவதை வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறான். எங்களோடு வந்த தறிப்பட்டறைக்காரர் அவ்விதம் தாமே தேய்த்த எட்டு அங்குல ஆடியைத்தான் கொண்டுவந்திருந்தார். விரிந்த கண்பாவையைக் காட்டிலும் ஏறத்தாழ 800 மடங்கு ஒளியைத் திரட்டித் தருவது அது. அதன் விளிம்பில் கைவிரல் படாமல் தூசியை ஊதித் தள்ளும் ரப்பர்க் குமிழை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

மேற்கே சனி கிரகம் சாயத் தொடங்கியிருந்தபடியால் அதையே முதலில் காட்டினார்கள். ஸ்டூலின்மேல் ஏறிக் கண்வில்லையில் கண்ணைப் பொருத்திய சிறுமி, சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "காலண்டர்ல இருக்கற மாதிரி வளையம் அகலமா இல்லியே சார்?" என்று கேட்டாள்.

"நல்லாப் பார்த்திருக்கே பாப்பா. குறுக்கே கோடு மாதிரி ஒண்ணு தெரியுதா? அதுதான் வளையம். இப்போ அது நமக்கு விளிம்பைக் காட்டிக்கிட்டு நிக்குது" என்றார் வாத்தியார்.

சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தச் சுற்றில் இரண்டு தடவை, அதாவது ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை, வளையத்தின் தளம் நம் பார்வைக்கு நேராக வருகிறது. 2025-இல் அவ்விதம் வந்தது. இனிப் படிப்படியாக விரியும். இரண்டு லட்சத்து எழுபதினாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகன்றிருந்தும், பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர் கனமே கொண்ட வளையம் அது. படத்தில் பார்த்ததோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டு கேள்வி கேட்ட அந்தக் குழந்தை, அந்த நிமிஷத்தில் வானியலின் முதற்பாடத்தைத் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. உச்சியில் மிதுன ராசியில் ஜொலித்த குருவையும், அவரைச் சுற்றி ஒரே கோட்டில் நின்ற துணைக்கோள்களையும் பார்க்க அவள் மறுபடியும் வரிசையில் போய் நின்றாள்.

இனி வாத்தியாரின் விசேஷமான முறையைச் சொல்ல வேண்டும். இதற்காகவே நான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது. வந்தவர்களை வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொருவரையும் பார்த்து, "உங்க நட்சத்திரம் என்ன?" என்று அவர் கேட்பார். சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. உடனே பச்சை ஒளிக்கற்றை வீசும் சிறு விளக்கை வானத்தை நோக்கி நீட்டி, இதோ இருக்கிறது பாருங்கள் என்று காட்டுவார். நாம் பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த நட்சத்திரத்தின் பங்கில் நின்றதோ அதுவே நம் ஜன்ம நட்சத்திரம் என்றும், சந்திரன் வானத்தைச் சுற்றிவரும் 27 நாள் பயணத்துக்கு நம் முன்னோர் வைத்த 27 எல்லைக்கற்களே அசுவினி முதல் ரேவதி வரையுள்ளவை என்றும் விளக்குவார். ஜாதகத்தில் நம்பிக்கை உடையவர்களை அவர் பரிகசிப்பதில்லை. நம்பிக்கை இல்லாதவர்களை விலக்குவதுமில்லை. இருவகையாரையும் வானத்தை நோக்கித் திருப்பிவிடுகிறார். பாடம் சொல்லும் கலையில் இதற்கு மேலான உபாயம் ஒன்றை நான் கண்டதில்லை.

வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ரோகிணி என்றார். ரிஷபத்தின் கண்ணாகச் சிவந்து மின்னும் நட்சத்திரத்தைக் காட்டி, "அங்கேயிருந்து கிளம்பின வெளிச்சம் இங்கே வந்து சேர 65 வருஷமாகுது தம்பி, உங்க அப்பா பிறக்கறதுக்கு முன்னாலேயே கிளம்பினது இப்போதான் உங்க கண்ணுக்குள்ளே போகுது" என்றார் வாத்தியார். இளைஞர் பதில் சொல்லவில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். திருவாதிரைக்காரியான மூதாட்டிக்கு, மிருகசீரிடத்தை அடுத்து எரியும் அந்தச் செந்நிறப் பெருந்தாரகையைக் காட்டினார்கள். சூரியன் இருக்குமிடத்தில் அதை வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கி அப்பாலும் பரவக்கூடிய பேருருவம் அது. 2019-இன் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் அது வழக்கத்துக்கு மாறாக ஒளி குன்றியதையும், வெடித்துவிடுமோ என்று உலகமெங்கும் பேச்செழுந்ததையும், அது கக்கிய தூசியே திரையிட்டதென்று பிறகு தெளிந்ததையும் கேட்ட மூதாட்டி, "அதுக்கும் உடம்புக்கு முடியாமப் போயிருந்துதா!" என்று உண்மையான அனுதாபத்துடன் விசாரித்தார்.

பூசத்தில் பிறந்த பொறியாளர் ஒருவருக்கு ஏமாற்றம் காத்திருந்தது. அவ்விடத்தில் பிரகாசமான நட்சத்திரம் எதுவுமில்லை. உற்றுப் பார்த்தால் மங்கலான ஒரு திட்டு மட்டும் தெரிந்தது, அதுவும் நேராக நோக்கினால் மறைந்து, கண்ணைச் சற்று விலக்கினால் மீண்டும் தோன்றியது. விழித்திரையின் நடுப்பகுதியில் கோல் அணுக்கள் இல்லாததே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டு, அவர் கையில் இருகண் நோக்கியைக் கொடுத்தார்கள். அதைக் கண்ணில் வைத்ததும் அவர் வாயிலிருந்து தம்மை அறியாமலே ஒரு சப்தம் எழுந்தது. அந்தத் திட்டு பல பத்து நட்சத்திரங்கள் நெருங்கிக் கூடிய கூட்டமாகப் பிரிந்து நின்றது. கலீலியோ தம் தொலைநோக்கியை முதலில் திருப்பிய இடங்களில் இதுவும் ஒன்று. நாற்பதுக்கு மேற்பட்ட தாரகைகளை இங்கே கண்டதாக 1610-இல் அவர் எழுதி வெளியிட்டார். அந்தத் தொன்மையான வியப்பு, நானூறு ஆண்டுகள் கழித்தும் குறையாமல் ஒருவருக்குக் கிட்டுவதை அருகில் நின்று காண்பதும் ஒரு பாக்கியமே.

பஞ்சாங்கத்தையும் ஆகாயத்தையும் பொருத்திப் பார்க்கும் இந்த முயற்சிக்கு நம் நாட்டிலேயே உயர்ந்த முன்னோடி ஒருவர் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நிறுவிய வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறித்ததாய் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அந்த வானாய்வகத்தில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்து, தம் அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்தின் கிரகணமும் கிரக நிலையும் கண்ணெதிரே காணும் வானத்தோடு ஒவ்வாமற்போவதைக் கண்டு, நேரில் பார்த்து அளந்த அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணித முறையை அவர் வற்புறுத்தினார். 1874-இல் சுக்கிரன் சூரிய வட்டத்தைக் கடந்து செல்லவிருந்தபோது, ஜனங்கள் புரிந்துகொள்ளட்டும் என்று பல இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டவரும் அவரே. வாத்தியாரும் அவருடைய தோழர்களும் நடந்துவரும் வழி அவர் போட்டது.

நள்ளிரவுக்குப் பிறகு பாதிப் பேர் வேனுக்குள் போய் உறங்கிவிட்டார்கள். திருவோணத்தில் பிறந்த அம்மையார் ஒருவர் மட்டும், தம் நட்சத்திரம் நாலரை மணிக்குத்தான் கிழக்கே எழும்பும் என்று கேட்டறிந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காத்திருந்த வேளையில் தென்வானம் தன் பெருமையையெல்லாம் எடுத்து வைத்தது. மூன்று மணியளவில் திரிசங்கு என்னும் நட்சத்திரக் கூட்டம் மலைவிளிம்புக்குமேல் நிமிர்ந்து நின்றது. நான்கு மணிக்கு ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கூட்டத்தை எட்டு அங்குல ஆடியில் காட்டினார்கள். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி நட்சத்திரங்கள் அளவில் திரண்ட அந்த மண்டலத்தை, லண்டனிலோ பாரிஸிலோ பிறந்த வானியலறிஞன் தெற்கே நெடுந்தூரம் வந்தாலன்றிக் காண முடியாது. நமக்கோ அது பள்ளிக்கூட மைதானத்திலிருந்தே கிடைக்கிறது. பிறகு திருவோணமும் உதித்தது. அம்மையார் எழுந்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அது எத்தனை தூரம் என்று கேட்டார். 17 ஒளியாண்டு என்றார்கள். "கிட்டத்திலேதான் இருக்கு" என்று திருப்தியோடு சொன்னார்.

இவ்வளவையும் தந்தது இருள். அந்த இருளுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. வடமேற்கே அடிவானத்தில் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்தும், மேற்கே திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்தும் வெளிர்ந்த மங்கல் ஒன்று மேலெழுந்து நின்றதை இரவு முழுவதும் பார்த்தேன். வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் நீல ஒளி மிகுதி. நீல ஒளியே காற்றில் அதிகமாகச் சிதறுவது, பகலில் வானம் நீலமாகத் தோன்றுவதற்குக் காரணமான அதே நியதிப்படி. மூடியில்லாத விளக்கொன்று தெருவுக்குத் தரும் ஒளியில் ஒரு பகுதியை வானத்துக்கு வீணே அனுப்புகிறது. அதற்கும் மின்கட்டணம் கட்டுகிறோம். ஏரி நீர் ஊருக்கெல்லாம் பொது. தலைமடைக்காரன் தன் வயலுக்குத் திறந்துவிடும்போது கடைமடையை நினைக்க வேண்டும் என்பது நம் ஊர்களின் நெடுங்கால நியாயம். இருளும் அத்தகைய பொதுச்சொத்துதான். அதற்கு மட்டும் மடையும் இல்லை, நீர்க்கட்டியும் இல்லை.

செய்ய முடியாத காரியமன்று இது. லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில், இதே நிறுவனம் 4,500 மீட்டர் உயரத்தில் நடத்தும் வானாய்வகத்தைச் சுற்றியுள்ள நிலப்பரப்பை 2022-இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தக் கிராமத்தாருக்கே தொலைநோக்கி கொடுத்து, பயிற்சியும் அளித்து, வருகிற பிரயாணிகளுக்கு வானத்தைக் காட்டும் வருமானத்தையும் அவர்களுக்கே உரியதாக்கினார்கள். திரை போட்டு விளக்கை அடக்கிவைப்பதில் அந்த ஊருக்கு இப்போது சொந்த அக்கறை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசும் கொல்லிமலையில் இருண்ட வானப் பூங்கா அமைப்பதாக அறிவித்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக வானத்தைப் பார்த்துவரும் ஜவ்வாது மலைக்கும் அந்தக் கவனம் திரும்ப வேண்டுமென்பது என் உறுதியான அபிப்பிராயம். சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்த ஊர்களில் விளக்கே வேண்டாமென்று யாரும் சொல்லவுமில்லை. பாம்புக்கும் காட்டுப் பன்றிக்கும் அஞ்சி வாழ்கிறவர்களிடம் அப்படிச் சொல்வது அநியாயம். விளக்கின் முகம் தரையை நோக்கியிருக்க வேண்டும், நிறம் மஞ்சளாயிருக்க வேண்டும், தேவைப்படாத ஜாமத்தில் அணைந்திருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

பொழுது விடிந்ததும், கருவிகளைத் துடைத்து உறையிலிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்க்க அவ்வூர் வார்டு உறுப்பினரான பெண்மணி ஒருவர், தூக்குவாளியில் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தார். மைதானத்து மூலையிலிருந்த கம்பத்து விளக்கை அந்த ஓர் இரவுக்கு அணைத்து வைக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான். முந்தைய மாலை அவருடைய மகனும் வரிசையில் நின்று குருவைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்குப் போய் நடுச்சாமம் வரை அதையே பேசியிருக்கிறான். வாத்தியார் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மைதானத்து விளக்குக்கும் சாலை வளைவிலுள்ள மற்ற விளக்குகளுக்கும் தகர மூடி போட்டுத் தர வேண்டுமென்றும், மூடிக்கான செலவைக் கழகமே ஏற்கும் என்றும் எழுதியிருந்த விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்தார்.

அந்த அம்மாள் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "மூடி போட்டா ரோட்டுல வெளிச்சம் குறையாதே சார்?" என்று கேட்டார்.

"குறையாதும்மா. மேலே போறதும் கீழேதான் விழும், இன்னும் கூடும்."

"அப்ப சரி. மார்ச் 22-ஆம் தேதி கிராம சபை கூடுது. நானே எழுந்திரிச்சிப் படிக்கிறேன். நீங்க ஒருத்தராவது வந்து பக்கத்துல நிக்கணும், கேள்வி கேப்பாங்க."

தறிப்பட்டறைக்காரர் தாம் வருவதாகச் சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமையா என்று யாரோ கேட்டார்கள். எந்தக் கிழமையானாலும் பட்டறைக்கு விடுமுறை விட்டுவிடுவதாக அவர் பதில் சொல்லிவிட்டு, மாதிரிக்கு ஒரு மூடி அடித்துக் கொண்டுவருவதற்காக, கம்பத்தின் கீழே போய் நின்று விளக்கின் விட்டத்தை அளக்க ஆரம்பித்தார்.